டிரான்ஸ்ஃபர் சுவர்

மதிப்பீட்டு வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதுங்கள் மேடம், கொஞ்சம் இனிமையாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். இனிமைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடங்கள் ஆகியும் ஒரு சம்பவத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது மடல் சூடாகிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன். நீங்களும் ஒருநாள் அப்படி ஓர் இடத்தில் போய் நிற்கத்தான் போகிறீர்கள்.

டெல்லியில் ஓர் ஏல நிறுவனத்தில் நான் மதிப்பீட்டாளராக இருந்தேன். யாராவது இறந்துபோனால் வாரிசுகள் எங்களைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்து, எது பழசு, எது போலி, எது எவ்வளவுக்குப் போகும் என்று சொல்ல வேண்டும். தேக்கா ஈட்டியா, பித்தளையா முலாமா என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அது பெரிய வித்தை இல்லை. பக்கத்தில் நின்று ஒருவன் "ஜல்தி, ஜல்தி" என்று, சீக்கிரம் முடி என்று பிடுங்கும்போது உங்கள் புத்தி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பழைய பொருள்களுக்கு டெல்லியில் திடீரென்று மவுசு கூடியிருந்த நேரம். பண்ணை வீடு கட்டியவர்கள் எல்லாம் சுவரில் மாட்டப் பழைய கடிகாரம் தேடி அலைந்தார்கள். அப்போதுதான் சரோஜினி நகர் மார்க்கெட்டிலிருந்து ஒரு கடிகாரக் கடை எங்களிடம் வந்தது. துணிக்கடைகளுக்கு மேலே, மாடியில் இருந்த கடை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து கடிகாரம் செய்தவர்கள். இயந்திரத்தை வெளியிலிருந்து வாங்கி, தேக்கில் பெட்டி இழைத்து, டயலில் தமிழ் எண்களைக் கையால் எழுதி, கீழே குடும்பப் பெயரையும் போட்டு விற்றவர்கள். டெல்லித் தமிழ்க் குடும்பங்களில் அந்தக் கடிகாரம் இல்லாத வீடு குறைவு. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. கடைசியாகக் கடையை நடத்திய பெரியவரை எல்லோரும் கடிகார ஐயா என்பார்கள். அவர் இறந்துபோனார். வாரிசுகள் இரண்டு பேர். மூத்தவர் சாம், கனடாவில் இருந்தார். இளையவள் எஸ்தர், இங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் கடைசிவரை அப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

முதல் நாள் எஸ்தர்தான் எனக்குக் கடையைத் திறந்து காட்டினாள். உள்ளே நுழைந்ததும் நான் ஒரு நிமிடம் அசந்துபோனேன். எதிரெதிரே இரண்டு சுவர். இரண்டிலும் தரையிலிருந்து உத்தரம் வரை கடிகாரங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

"யக்கா, இந்தச் செவரு எங்களுக்குள்ளது. அந்தச் செவரு டிரான்ஸ்ஃபர் செவரு" என்றாள்.

"அப்படின்னா?"

"மத்தவிய கடிகாரம்க்கா. ரிப்பேருக்குக் குடுத்திருப்பாவ. அதுக்குள்ள கல்கத்தாவுக்கு மாத்தல், ஷில்லாங்குக்கு மாத்தல்னு ஆர்டர் வந்துரும். போகும்போது, 'ஐயா, நான் திரும்பி டெல்லிக்கு வாரப்போ எடுத்துக்கிடுதேன், இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயிருவாவ. அப்பா சரின்னு மாட்டி வச்சிருவாவ. சும்மா நிறுத்தி வச்சா எண்ணெ இறுகிப் போகும்லா? அதான் சனிக்கெழம ஆனா எல்லாத்துக்கும் சாவி குடுப்பாவ. எங்கள்துக்கு மறந்தாலும் அதுக்கு மறக்க மாட்டாவ."

மத்திய அரசு வேலையில் இருந்த எல்லாக் குடும்பத்துக்கும் இந்தக் கதை தெரியும். மாற்றல் உத்தரவு கையில் வந்துவிட்டால் பிள்ளைகளின் டி.சி. வாங்கவே நேரம் போதாது. இதில் கடிகாரத்தை யார் நினைப்பார்கள்? சிலர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பலர் வரவில்லை. எது யாருடையது என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. கட்டிவிட்ட சீட்டெல்லாம் எப்போதோ உதிர்ந்து போயிருந்தன. ஐயாவுக்கு மனப்பாடம். அவருக்குப் பிறகு எஸ்தருக்கு மனப்பாடம். மற்றபடி எந்தச் சுவரில் தொங்குகிறதோ அதுதான் கணக்கு.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கடிகாரம் செய்கிற குடும்பத்தின் சொத்தைப் பிரிக்கப் போகிறவன் செய்யக்கூடிய மடத்தனம் ஒன்று உண்டு. டயலில் குடும்பப் பெயர் இருக்கிறது, அதனால் குடும்பச் சொத்து என்று நினைத்துவிடுவது. அவர்கள் செய்து விற்ற கடிகாரம்தானே ரிப்பேருக்கும் அவர்களிடமே வரும்? இரண்டு சுவரிலும் அதே பெயர்தான், அதே தமிழ் எண்கள்தான். செய்தவர் பெயர் வேறு, உடையவர் பெயர் வேறு. ஆபீசுக்குத் திரும்பியதும் எங்கள் டைரக்டரிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். திங்கட்கிழமை நானே போய்ச் சுவரைப் பார்த்து ஒவ்வொன்றிலும் அடையாளம் கட்டுகிறேன், அதுவரை ஒரு கடிகாரத்தையும் யாரும் இறக்கக் கூடாது என்றேன். "அச்சா, அச்சா" என்றார்.

திங்கட்கிழமை நான் போனபோது கடையில் ஆணிகள் மட்டும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமையே ஆள் அனுப்பி எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். அப்பா சாவுக்கு வந்திருந்த சாமுக்குக் கனடா திரும்ப வேண்டுமாம், அவசரமாம். எஸ்தர் டியூட்டியில் இருந்தாள், அவளுக்குத் தகவல்கூட இல்லை. கிடங்குக்கு ஓடினேன். செய்தித்தாளில் சுற்றி, வெங்காயம் கொட்டுகிற மாதிரி இரண்டு சுவரின் கடிகாரங்களையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தார்கள். பெண்டுலங்களைக் கழற்றியவரைக்கும் புண்ணியம். அத்தனை பெண்டுலத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாக்கைத் தூக்கி டைரக்டரின் மேஜையில் வைத்தேன்.

"மேடம், ஆப் பஹுத் சோச்தி ஹைன்" என்று சிரித்தார். நீங்கள் ரொம்ப யோசிக்கிறீர்கள் என்று அர்த்தம். எங்கள் தொழிலில் யோசிக்கிறவர்களைக் கிண்டல் செய்ய அதைத்தான் சொல்வார்கள். உங்களிடமும் சொல்வார்கள், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் கிடங்கில் நாலு பேரும் உட்கார்ந்தோம். டைரக்டர், சாம், எஸ்தர், நான். எஸ்தர் மூட்டைகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு காகிதமாகப் பிரித்து, "இது மத்தவியளுது, இது நம்மள்து" என்று சொல்ல ஆரம்பித்தாள். சாம் தடுத்தார்.

"எஸ்தர், ஸ்டாப். நீ சொல்றத வெச்சு எப்பிடி முடிவு பண்றது? நல்லதையெல்லாம் நீ மத்தவங்களோடதுன்னு சொல்லிட்டு அப்புறம் உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா?"

கூடப் பிறந்தவளைப் பார்த்து, அப்பாவுக்குக் கடைசிவரை மலம் மூத்திரம் அள்ளியவளைப் பார்த்து, மூன்றாம் மனிதர்கள் முன்னால் அப்படிக் கேட்டார். எஸ்தர் கையில் இருந்ததைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"டிரான்ஸ்ஃபர் சுவர்னு ஒண்ணு இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று சாமைக் கேட்டேன்.

"தெரியும் மேடம். சின்னப் பையன்லேருந்து பாத்திருக்கேன். அது இல்லன்னு நான் சொல்லவே இல்லியே. ஆனா எது எந்தச் சுவர்ல இருந்துச்சுன்னு இப்ப யாருக்குத் தெரியும்? கொஞ்சம் ப்ராக்டிகலா இருங்க."

"சுவருக்கே தெரியும்" என்றேன்.

உண்மைதான். ஐயா அந்தக் கடைக்கு வருடக்கணக்காக வெள்ளையடிக்கவிடவில்லை. கடிகாரங்களை அசைக்கக் கூடாது என்பார். கீழே இருந்து வருகிற புகை, தூசி எல்லாம் படிந்து சுவர் பழுத்துக் கிடந்தது. கடிகாரம் தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாக, அந்தந்தக் கடிகாரத்தின் உருவத்திலேயே இருந்தது. எட்டு மூலைக்கு எட்டு மூலை, வட்டத்துக்கு வட்டம், நீளத்துக்கு நீளம். ஆணி மட்டும் மிச்சமாக நின்ற சுவரில் அன்று காலை நான் பார்த்தது அதைத்தான். ஒவ்வொரு பெட்டியையும் எடுத்துப்போய் வைத்துப் பார்த்தால் முக்காலே மூணு வீசம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். இதைச் சொன்னேன். எஸ்தரின் முகம் மலர்ந்தது. சாம் டைரக்டரைப் பார்த்தார்.

"இப்பவே வண்டியில் ஏற்றிப் போகலாம்" என்று எழுந்தேன்.

டைரக்டர் கையை உயர்த்தினார். "ஆராம் ஸே, மேடம், மெதுவாகச் செய்யலாம். இன்று சாணக்யபுரியில் ஒரு தூதரகக்காரர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். நாளைக்குப் போகலாம்."

பிள்ளைகளே, ஒரு வாரமாக ஜல்தி ஜல்தி என்று குதித்தவர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆராம் ஸே என்றார். உங்களை அவசரப்படுத்தியவன் திடீரென்று நிதானமாகிவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வேலைக்கே ஓடுங்கள். தூதரகக்காரர் எங்கும் போய்விட மாட்டார். அன்று நான் சாணக்யபுரிக்குப் போய் இரண்டு பூச்சாடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எஸ்தரும் நானும் கடைக்குப் போனோம். படியேறும்போதே டிஸ்டெம்பர் வாசனை. உள்ளே இரண்டு சுவரும் இளம் ரோஜா நிறத்தில் பளபளத்தன. பெயிண்டர் மூலையில் உட்கார்ந்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். ஏன் இப்படி அவசரமாக அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஸாப் கா ஃபோன் ஆயா தா. போலே ஜல்தி கரோ."

ஸாப் ஃபோன் செய்து சீக்கிரம் முடிக்கச் சொன்னாராம். எந்த ஸாப் என்று கேட்டேன். கனடா ஸாப் இல்லையாம். ஆபீஸ்வாலா ஸாப், எங்கள் டைரக்டர்.

நான் அந்தக் கடையில் நின்று கத்தினேன். அந்தப் பெயிண்டர் பாவம், என்ன செய்வார்? அவரிடம் கத்தினேன், சுவரிடம் கத்தினேன், கீழே துணிக்கடைக்காரர்கள் ஏறி வந்து எட்டிப் பார்க்கும்வரை கத்தினேன். எஸ்தர் ஈரச் சுவரில் ஒரு விரலை வைத்தாள். விரலில் ரோஜா நிறம் ஒட்டியது. அதைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "போவமாக்கா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்றாள்.

கேட்டலாக் அச்சாகி வந்தது. மூன்று தலைமுறைக் கடிகாரக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை பாடும். ஒரே குடும்பத்தின் சொத்து என்றால் விலை ஏறும். மாற்றலாகிப் போன யாரோ குமாஸ்தாவின் கடிகாரம் என்றால் யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்? ஏலம் சாணக்யபுரியில் ஒரு பெரிய ஓட்டலில். ஏலத்துக்கு முன் மதிப்பீட்டாளர் மேடையேறி நாலு வார்த்தை பேசுவது எங்கள் நிறுவனத்து வழக்கம். இந்த முறையும் நான்தான் பேச வேண்டும்.

என்ன பேசப் போகிறேன் என்பதை நான் முடிவு செய்துவிட்டேன். ஆனால் அது எஸ்தரைக் கேட்காமல் செய்யக்கூடிய காரியம் இல்லை. லக்ஷ்மிபாய் நகர் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தேன். யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் மேடையில உண்மையச் சொன்னா ஒரு கடிகாரமும் போகாது எஸ்தர். எது எதுன்னு தெரியாததால எல்லாத்தையுமே சந்தேகப்படுவாங்க. உன் தாத்தா செஞ்சது, உங்க சுவர்ல இருந்தது, எதுவும் விலை போகாது. உனக்கும் பாதிப் பங்கு இருக்கு. ரிடையர் ஆனா குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். வீடு வாங்க உனக்கு வேற என்ன வழி இருக்கு?"

அவள் வண்டி வரும் திசையைப் பார்த்தாள்.

"அப்பா கடசி மாசம் எந்திரிக்க மாட்டாம கெடந்தப்போ, சனிக்கெழம ஆனா எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதாங்க்கா கேப்பாவ. 'அந்தச் செவத்துக்கு சாவி குடுத்தியாட்டி?' வேற ஒண்ணும் கேக்க மாட்டாவ. சாப்ட்டியான்னுகூட கேக்க மாட்டாவ." வண்டி வந்துவிட்டது. ஏறிக்கொண்டே சொன்னாள். "போனா போட்டும்க்கா. நீங்க சொல்லுங்க."

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. ஓட்டல்காரர்கள், பண்ணை வீட்டுக்காரர்கள், வெளிநாட்டவர்கள். பெண்டுலம் மாற்றி மாட்டிய கடிகாரங்கள் ஒன்றுகூட ஓடாமல் மேஜைகளில் ஊமையாக நின்றன. முதல் வரிசையில் டைரக்டர், பக்கத்தில் புது கோட்டில் சாம். எஸ்தர் கடைசி வரிசையில் இருந்தாள். நான் மேடையேறி ஆங்கிலத்தில் பேசினேன். நீளமாகப் பேசவில்லை.

"இந்தக் கடிகாரங்களை மதிப்பிட்டவள் நான். இவற்றில் ஒரு பகுதி இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு ஊர் மாற்றலாகிப் போனவர்களுடையவை. எவை என்று நிரூபிக்க ஒரு சுவர் இருந்தது. அதற்கு வர்ணம் அடித்துவிட்டார்கள். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்கலாம்."

ஓட்டல்காரர் ஒருவர் எழுந்து, இந்த இருபத்துமூன்றாம் எண் யாருடையது என்று கேட்டார். நிரூபிக்க முடியாது என்றேன். அதற்கு அடுத்தது? நிரூபிக்க முடியாது. அவர் கேட்டலாக்கை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஏலம் போட வைத்திருந்த சுத்தியல் மேஜையிலேயே கிடந்தது. சாம் என்னிடம் வந்து, "யூ ஹேவ் ருயின்ட் மை சிஸ்டர்" என்றார். அந்த நேரத்தில் தங்கைமேல் வந்த அக்கறையைப் பார்த்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

டைரக்டர் என்னைத் திட்டவில்லை. அவர் படித்தவர், திட்ட மாட்டார். அடுத்த வாரமே கம்பளப் பிரிவில் கொண்டுபோய் உட்காரவைத்தார். எனக்கும் டிரான்ஸ்ஃபர். ஓய்வு பெறும்வரை கம்பளத்து முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் இப்போது எங்கேயோ இளைஞர்களுக்குத் தொழில் தர்மம் பற்றி வகுப்பெடுக்கிறாராம். உங்களில் யாராவது அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால், பழைய சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று கேட்டுப் பாருங்கள்.

நேர்மையாக இருந்தால் எல்லாம் நன்றாக முடியும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. எஸ்தருக்கு வீடு வாங்கும் வழி போனது போனதுதான். அந்த இடத்தில் இன்றைக்கும் என் மனம் உறுத்துகிறது, கோபமும் வருகிறது. உண்மையைச் சொன்னதற்கான விலையை அவள் கொடுத்தாள், பொய்யைச் செய்தவர்கள் எதையும் கொடுக்கவில்லை.

விலை போகாத கடிகாரங்களைக் கனடாவுக்குக் கொண்டுபோகச் சாமுக்கு மனமில்லை. எல்லாம் எஸ்தரின் குவார்ட்டர்ஸுக்கு வந்தன. மாறிக் கிடந்த பெண்டுலங்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் அதனதன் கடிகாரத்தில் பொருத்தி, மனப்பாடமாகவே இரண்டு சுவரில் அவள் மாட்டினாள். மணிக்கு மணி எல்லாம் சேர்ந்து அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுக்காத மாதமில்லை.

ஏலத்தில் நடந்தது டெல்லித் தமிழர் நடுவே வாய்வழியாகப் பரவியிருந்தது. நான் ஒருநாள் அவள் வீட்டில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். குவாஹாத்திக்கு மாற்றலாகிப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், மதராஸில் ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு டெல்லி வந்த இடத்தில் கேள்விப்பட்டாராம். கதவருகே நின்றே சுவரைப் பார்த்தார். எட்டு மூலைக் கடிகாரம் ஒன்றைக் காட்டி, "அதாம்மா. எங்கப்பா வாங்கினது. ஓடுதே!" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எஸ்தர் இப்போது ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று நினைத்தேன். அண்ணன் திருடி என்று சொல்லாமல் சொன்னபோதும் வாய் திறக்காதவள். சுவரை அழித்தபோதும் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டவள்.

"ஓடாம? ஓடாம என்ன செய்யும்?" என்று அவள் போட்ட சத்தத்தில் நானே எழுந்து நின்றுவிட்டேன். "இத்தன வருசம் எங்க போயிருந்திய? ஒரு தபால் கார்டு போட முடியலியா ஒங்களுக்கு? இருக்கா, போச்சான்னு ஒரு வார்த்த? நீங்கள்லாம் வருவிய வருவியன்னு எங்கப்பா கடையக் காலி பண்ணாமக் கெடந்தாவ. ஒருநா ஊருக்குன்னு நிம்மதியாப் போனதில்ல. சனிக்கெழம சாவி குடுக்கணும்னு எங்கம்மா ஊர்ல செத்ததுக்குக்கூட ஞாயித்துக்கெழமதான் கெளம்பினாவ. தெரியுமா ஒங்களுக்கு? செத்தே போயிட்டாவய்யா எங்கப்பா!"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எஸ்தர் அழுதுகொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கடிகாரத்தை இறக்கி, பெண்டுலத்தைக் கழற்றித் துணியில் தனியாகச் சுற்றி, பெட்டியைப் போர்வையில் சுற்றி அவர் கையில் வைத்தாள். மாட்டும்போது சாயாமல் மாட்ட வேண்டும், வாரம் தவறாமல் சாவி கொடுக்க வேண்டும் என்று அதையும் சத்தமாகவே சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படியிறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரில் மிச்சமிருந்தவற்றை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"வரட்டும்க்கா. ஒவ்வொருத்தரா வரட்டும். எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த கடிகாரத்திடம் போனாள்.